பெரியப்பா கொடுத்த ஆசீர்வாதம்

அத்தாபிரா
நுவாக்காய்க்கு மறுநாள்

அன்பு மகள் ஜிலிக்கு அம்மா எழுதிக்கொள்வது. சமலேஸ்வரி தாயின் கருணையால் இங்கே உன் அப்பா, பெரியப்பா, அவர் மகன் நிருபம், அவன் பெண்டாட்டி குந்தலா, தொழுவத்துப் பசு உட்பட எல்லோரும் சுகம். நீயும் மாப்பிள்ளை திபாகரும் வயிற்றிலிருக்கும் குட்டியும் சுகம் என்று தெரிந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். உன் அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், கூடத்தில் பெரியப்பா சாய்ந்திருப்பார், நான் என்ன பேச முடியும், மழை பெய்தது, பசு கன்று போட்டது, அவ்வளவுதான். இதைக் குந்தலா கடைக்குப் போகும்போது தபாலில் சேர்த்துவிடுவாள், அவள் என் பக்கம்.

டாக்டர் உன்னைப் படுக்கையை விட்டு எழக்கூடாது, ரயிலும் ஏறக்கூடாது என்றுவிட்டார், "அம்மா, நீயாவது வதோதராவுக்கு வாயேன்" என்று நீ அழுதாய், அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நடவு முடியட்டும் என்றார்கள். நடவு முடிந்தது. நுவாக்காய்ப் பண்டிகை முடியட்டும் என்றார்கள், புது அரிசியைத் தாய்க்குப் பொங்கிப் படைக்க வீட்டின் மூத்த மருமகள் கை வேண்டுமாம், உன் பெரியம்மா போன பிறகு அந்தக் கை என்னுடையதாம். குந்தலா என்னைவிட நன்றாகச் சமைப்பாள், அதை அப்பா மூலமாகச் சொல்லியும் பார்த்தேன். பெரியப்பா சுவரைப் பார்த்து, "அந்தப் பொண்ணு கை இன்னும் தாய்க்குப் பழகலை" என்றார். தம்பி பெண்டாட்டியோடு நேரே பேசலாகாது என்ற முறையை அவர் ஒருநாளும் மீறியதில்லை, நான் இந்த வீட்டுக்கு வந்த நாளாக எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் சுவருக்கும் மாட்டுக்கும் நாய்க்கும்தான் சொல்லிவருகிறார், அதுகளுக்கே என் வேலை எல்லாம் அத்துப்படி.

ஆனாலும் எனக்கு ஒரு நப்பாசை இருந்தது ஜிலி. நுவாக்காய் அன்று காலில் விழுந்து ஜுஹார் சொல்கிறவர்களை எந்தப் பெரியவரும் வெறுங்கையோடு அனுப்பக்கூடாது அல்லவா, வெட்டுப்பழி குத்துப்பழியாக இருந்தவர்கள்கூட அன்றைக்கு வாசல் ஏறி வந்து கும்பிட்டால் வாழ்த்தித்தான் ஆகவேண்டும். அன்று கேட்டால் மறுக்க முடியாது, வண்டி ஏறிவிடலாம் என்று கணக்குப் போட்டு, உனக்குத் துவையல் பொடியும் குட்டிக்குப் பழம்புடவைத் துணியும்கூடப் பையில் எடுத்து வைத்துவிட்டேன்.

நேற்று விடிவதற்கு முன்பே குளித்து அடுப்பு மூட்டினேன். இந்த வருஷம் வாய்க்காலில் தண்ணீர் தாமதம், கதிர் பாதி பச்சை, வறுத்து இடித்து அவலாக்குவதற்குள் தோள் கழன்றுவிட்டது. தாய் உண்பதற்கு முன் அதன் வாசனைகூட நமக்கு ஆகாதே, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே பாலும் நெய்யும் சேர்த்தேன். முகூர்த்தம் வந்ததும் பெரியப்பா படைத்தார், எல்லோரும் கிழக்கே பார்த்து உட்கார்ந்து குடசப்பாலை மரத்து இலையில் வாங்கி உண்டார்கள். உன் பங்கை ஓர் இலையில் தனியாக வைத்தேன்.

பிறகு ஜுஹார். என் முறை வந்ததும் முக்காட்டை இழுத்துவிட்டு வாசற்படிக்கு இந்தப் பக்கமே விழுந்து கும்பிட்டேன். சொல்லி வைத்தபடி குந்தலா, "மாமா, சின்னத்தைக்கு ஜிலி பிரசவத்துக்குப் போகணுமாம், ஆசீர்வாதம் பண்ணி அனுப்பி வைங்க" என்றாள். கூடம் நிறைய விருந்தாளிகள். பெரியப்பா எழுந்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், கையை உயர்த்தி, சுவரிடம் இல்லை ஜிலி, என்னிடமே பேசினார். "இந்தாம்மா, நீ இந்த வீட்டு லட்சுமி. இந்த அடுப்பு என்னைக்கும் உன் கையாலதான் எரியணும். நூறு நுவாக்காய் இதே வீட்டுல நீயே பொங்கிப் போடணும், வாசப்படி தாண்டாம மகராசியா இரு" என்றார். வந்திருந்த பெண்கள் குலவையிட்டார்கள். நான் விழுந்தவள் எழவில்லை, பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள். பிரசவத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உன் அப்பா உள்ளே வந்து, "அண்ணன் உன்கிட்டயே பேசிட்டாரு பாத்தியா, எப்பேர்ப்பட்ட கொடுப்பினை" என்று மூக்கை உறிஞ்சினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அரிசா பலகாரத் தட்டை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன், பண்டிகை நாள் என்று விட்டேன். பக்கத்து வீட்டு மாலதியோ, "அப்படி ஒரு வாக்கு வாங்கிட்டு யாராச்சும் ஊரைவிட்டுப் போவாங்களா" என்று கேட்டுவிட்டே போனாள். மறுப்புச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன் ஜிலி. வாழ்த்தோடு யார் சண்டை போடுவது? பையைப் பிரித்துத் துணிகளைத் திரும்ப அலமாரியில் வைத்தேன், வைக்கும்போதுதான் அழுகை வந்தது.

குந்தலா, "சின்னத்தே, நீங்க கிளம்புங்க, வர்றதை நான் பாத்துக்கறேன்" என்கிறாள் பாவம், அவளை இந்த அடுப்பில் மாட்டிவிட்டு நான் எப்படிப் போவேன். நீ கனமாக எதையும் தூக்காதே. இடது பக்கமாகப் படு. திபாகரையே துணி துவைக்கச் சொல், கை தேய்ந்துவிடாது. உன் பங்கு அவலை இத்துடன் பொட்டலமாக வைத்திருக்கிறேன், பாலில் நனைத்துக் கிழக்கே பார்த்துச் சாப்பிடு. பெரியப்பாவுக்கு நீ இன்னும் ஜுஹார் சொல்லவில்லை, மறக்காமல் போனில் சொல்லிவிடு, இல்லையென்றால் வளர்த்தவள் தலைதான் உருளும். ஆனால் அவரிடம் எனக்காக எதுவும் கேட்காதே. கேட்டால் மறுபடி ஆசீர்வதித்துவிடுவார்.

நானும் உனக்குப் பெரியவள்தானே, நான் சொன்னாலும் நுவாக்காய் வாக்குப் பலிக்கும். தலையைக் குனிந்து வாங்கிக்கொள். நீ இருக்கும் வீட்டில் உன் கை இல்லாமலும் அடுப்பு எரியட்டும். நாளை உன் பிள்ளை தூரத்திலிருந்து "அம்மா, வா" என்று கூப்பிட்டால், யாரையும் கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு நீ புறப்பட்டுப் போகவேண்டும்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
சுபாசினி