தெய்வானை செத்த பிறகு வரும் பக்கங்கள்

என் ஆசை மச்சான் செல்வராஜுக்கு,

நீ போய் ஒரு மழைக்காலமும் முடிஞ்சு போச்சு. இன்னும் உன்கூடச் சண்டை போடத்தான் எனக்கு வாய் வருது. அதனால சுகம் விசாரிக்கிறதை எல்லாம் விட்டுட்டு நேரா விசயத்துக்கு வர்றேன். உன் நாவலை மறுபடி அச்சடிக்கக் கேட்டிருக்காங்க.

சந்தோசப்படாதே, முழுசாக் கேள். சென்னையில் இருந்து ஒரு பதிப்பகத்துத் தம்பி கமலாவுக்குப் போன் பண்ணினான். "முதல் பாதி பிரமாதம்மா. ஆனா தெய்வானை நடுவுல செத்துப்போயிடறாங்க. அதுக்கப்புறம் வாசகர்கள் புத்தகத்தை மூடி வச்சிடுவாங்க. அந்தச் சாவைக் கடைசிக்குக் கொண்டு போயிடலாம், பிற்பாதியை ஒரே அத்தியாயமாச் சுருக்கிடலாம்" என்றான். கமலா போனை என் பக்கம் நீட்டினாள். கேட்கக் கேட்க எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் பேசியது அத்தனையும் என் பேச்சு மச்சான். உன் முகத்துக்கு நேரா நான் இத்தனை வருசமாப் பேசின பேச்சு.

இதை மற்றவங்களும் வாசிக்கப் போறாங்க. அதனால உனக்குத் தெரிஞ்சதையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கு, பொறுத்துக்கோ. நான் வாரப் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதுறவன். நீ கண்டி மார்க்கெட்டுக்குப் பின்னால ஒரு சின்ன ஒழுங்கையில், மாடியில் கடை வச்சு வாடகைக்குப் புத்தகம் கொடுத்தவன். என் தங்கச்சி கமலாவைக் கட்டினதால எனக்கு மச்சான், அதுக்கு முந்தியே கூட்டாளி. நீ எழுதினது ஒரே ஒரு நாவல். புசல்லாவையில் பஸ் நிக்கிற இடத்தில் தேத்தண்ணிக் கடை வச்சிருக்கிற தெய்வானையோட கதை.

அதுக்குப் பரிசு கொடுத்தாங்க. மேடையில் ஒருத்தர் எழும்பி, இந்த நாவல் எந்த விதிக்கும் அடங்காதது, மழை மாதிரி தானாப் பெய்யுதுன்னு பேசினார். நான் கீழே கதிரையில் உட்கார்ந்து பல்லைக் கடிச்சிட்டிருந்தேன்.

விதி இல்லையாமே. முதல் பக்கத்தில் என்ன நடக்குது? ரோட்டை அகலமாக்க வந்தவங்க தெய்வானை கடைச் சுவரில் சிவப்புப் பெயின்டால் கோடு போட்டுட்டுப் போறாங்க. கடை நிக்குமா, போகுமா? சிக்கலை முதல் பக்கத்திலேயே கொண்டு வந்து வைக்கிறது தொடர்கதைக்காரனோட முதல் பாடம். மூணாம் அத்தியாயம் எங்கே முடியுது? பஸ்ஸில் இருந்து ஒருத்தி இறங்கித் தெய்வானையைப் பேர் சொல்லிக் கூப்பிடுறா. யாருன்னு சொல்லாமலே முடிச்சிடுறே. அடுத்த வாரம் வரைக்கும் ஆளை இழுத்துப் பிடிக்கிற அந்த வேலையை நீ எங்கே படிச்சே? வாராவாரம் என் கதையை வாசிச்சுத்தானே?

இதைக் கேட்டா நீ தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடிப்பே. "இருக்கலாம் மச்சான். நடக்கிறவன் எந்தக் காலை முதல்ல வைக்கிறதுன்னு பார்த்துக்கிட்டா நடக்கிறான்?" என்பே. கோபமே வராது உனக்கு. அதுதான் எனக்குக் கோபம்.

ஒரு நாள் சண்டை முத்திப்போய், கடையில் இருந்த பரிசு நாவல்களை எல்லாம் மேசையில் அடுக்கினோமே, ஞாபகம் இருக்கா? வாடகைப் புத்தகத்துக்கு ஒரு குணம் உண்டு. மூடி வச்சு விளிம்பைப் பார்த்தாப் போதும், ஆட்கள் எதுவரைக்கும் வாசிச்சிருக்காங்கன்னு தெரிஞ்சிடும். கைபட்ட இடம் வரைக்கும் அழுக்கு, அதுக்கு மேல வெள்ளை. நீ புதுசா வந்த எழுத்தாளர்களைக்கூட அப்படித்தான் எடை போடுவே. என் புத்தகங்கள் முதல் தாள் முதல் கடைசித் தாள் வரைக்கும் கன்னங்கரேல். பரிசு வாங்கினதில் முழுக்க அழுக்கானதைத் திறந்து பார்த்தோம். ஒண்ணு பாக்கியில்லாம ஆரம்பத்தில் ஒரு சிக்கல், நடுவில் ஒரு திருப்பம், முடியப்போகிற நேரம் ஒரு பெரிய இடி. "பார்த்தியா, சதைதான் இலக்கியம், எலும்பு என்னோடது" என்றேன். நீ ஒத்துக்கிட்டே. அதில் இன்னைக்கும் எனக்குச் சந்தேகம் கிடையாது.

கடைசியா உன் நாவலை எடுத்தோம். தெய்வானை சாகிற வரைக்கும் அழுக்கு. அதுக்கு மேல வெளிறிப்போய் இருந்துச்சு. நான் மேசையில் தட்டினேன். "இதில் நீயும் ஒரு ஆள்தானே" என்று நீ சிரிச்சே. அது ஊருக்கே தெரிஞ்ச கதை. அவள் செத்த பிறகு அந்தக் கடையில் எனக்கு என்ன வேலைன்னு பாதியில் மூடி வச்சவன் நான்.

போன் வந்த அன்னைக்குக் கமலா என்ன சொன்னாள் தெரியுமா?

"அண்ணே, அவர் இல்ல. இனி அவருக்காகப் பேசுறதுக்கு நீங்கதான். நீங்க சரின்னா நானும் சரின்னு சொல்லிடுறேன். ஆனா முழுசா வாசிச்சிட்டுச் சொல்லுங்க."

அதோட நிக்கல. தெல்தோட்டையில் இருந்து வருவாங்களே ஒரு டீச்சர், அவங்க உன் நாவலைப் பல வருசத்துக்கு முந்தி எடுத்துப் பாதியில் திருப்பிக் கொடுத்தவங்களாம். போன வருசம் புருசன் தவறின பிறகு திரும்ப வந்து, "அந்தத் தேத்தண்ணிக் கடைக் கதை இருக்கா? அவ போன பிறகு அந்த மனுசன் என்ன செஞ்சான்னு எனக்கு வாசிக்கணும்" என்று கேட்டு வாங்கிட்டுப் போனாங்களாம். நீ இதை என்கிட்டே சொல்லவே இல்லையே. சொல்லியிருந்தா நான் வாயை மூடியிருப்பேன்னு தெரிஞ்சும் ஏன் சொல்லலை?

போன சனிக்கிழமை உன் கடைக்குப் போனேன். என்னைப் பார்த்துக்கச் சொல்லிட்டுக் கமலா காய்கறி வாங்க இறங்கினாள். நான் உன் கதிரையில் உட்கார்ந்து, விட்ட இடத்தில் இருந்து ஆரம்பிச்சேன். சொல்றேன்னு கோவிச்சுக்காதே, முதல் நாற்பது பக்கம் சரியான இழுவை. தெய்வானையோட புருசன் மாணிக்கம் வடையைக் கருக்கிறான். டிரைவர்மார் அவளுக்காகப் பஸ்ஸை நிறுத்தி, ரெண்டு வார்த்தை துக்கமாப் பேசிட்டுப் போறாங்க. ஒருத்தர் மாத்தி ஒருத்தர் அவள் பேரைச் சொல்றாங்க. எனக்குக் கொட்டாவி வந்துச்சு.

அப்ப ஒரு ஆள் உள்ளே வந்தார். அலவத்துகொடப் பக்கத்து ஆள், பஸ்ஸுக்கு நேரம் இருக்குன்னு ஏறி வந்திருக்கார். "முதலாளி, மகளுக்கு வாசிக்க நல்ல கதப் புத்தகம் ஒண்டு ஈக்கா?" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். சுத்திமுத்திப் பார்த்துட்டு, "வடிவாத்தான் வச்சீக்கிறீங்க. கனகாலமா நீங்கதான் இந்தக் கடய நடத்துறீங்களா?" என்றார்.

"ஆமா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்னு எனக்கே விளங்கல. இல்லை, இது என் மச்சான் கடை, அவன் போயிட்டான்னு சொல்லியிருக்கலாம். அதுவரைக்கும் அந்தப் படியேறினவங்க எல்லாம் உன்னைத் தெரிஞ்சவங்க. உன் பேரைச் சொல்லாம ஒருத்தரும் இறங்கிப் போனதில்லை. உன்னைக் கேள்விப்பட்டே இராத ஒரு மனுசன் அன்னைக்குத்தான் முதல்தரமா வந்தார். அவர் படியிறங்கிப் போகிறதைப் பார்த்துக்கிட்டே நின்னேன். உன்னை ரெண்டாந்தரம் சாகக் கொடுத்த மாதிரி இருந்துச்சு மச்சான்.

மனசை வேற பக்கம் திருப்பத்தான் மறுபடி புத்தகத்தை எடுத்தேன். அஞ்சாறு தாள் தள்ளி, புதுசா மாத்தலாகி வந்த ஒரு கண்டக்டர் மாணிக்கத்தோட கடையில் தேத்தண்ணி குடிக்கிறான். "அண்ணே, சீனி காணாது. இந்தக் கடையை எப்பவும் நீங்கதான் நடத்துறீங்களா?" என்று கேட்கிறான். மாணிக்கம் ஆமான்னு சொல்லிட்டு, உள்ளே போய் அடுப்புக்கு முன்னால நிக்கிறான். அவ்வளவுதான் அந்த அத்தியாயம். இடியும் இல்லை, திருப்பமும் இல்லை. அடுத்த வாரத்துக்கு ஆளை இழுக்க அதில் ஒண்ணுமே இல்லை.

நான் எழுதுற கதையில் இப்படி ஒரு தற்செயல் வந்தா நீ விட்டு வைப்பியா? வாய்விட்டு அழுதேன். கமலா காய்கறிப் பையோட வாசலில் வந்து நின்னதைக்கூடப் பார்க்கலை. அவள் என் கையில் இருந்த பக்கத்தைப் பார்த்துட்டு உள்ளே போய்த் தேத்தண்ணி வச்சாள்.

நீ யாரைச் சாகக் கொடுத்துட்டு இதை எழுதினே? அப்ப நாங்க எல்லாரும் உயிரோடதானே இருந்தோம். கமலாவை நினைச்சியா, என்னை நினைச்சியா?

மறுநாள் அந்தத் தம்பிக்கு நானே போன் பண்ணினேன். சாவு இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், பிற்பாதியில் ஒரு வரிகூடக் குறையக் கூடாதுன்னு சொன்னேன். "வாசகர்கள் விட்டுடுவாங்களே சார்" என்றான். "விடட்டும் தம்பி, தேவைப்படுற அன்னைக்கு வந்து எடுத்துக்குவாங்க" என்றேன். அப்படின்னா யோசிக்கணும்னு சொல்லிப் போனை வச்சிட்டான். இன்னும் கூப்பிடலை. கூப்பிடாமலே போகலாம். கமலாகிட்டே சொன்னதுக்கு, "போகட்டும் அண்ணே, அவர் எழுதினது அவர் எழுதினபடி இருக்கு" என்றாள்.

ஆனா ஒண்ணு. இதனால நான் தோத்துட்டேன்னு நினைச்சிடாதே. எலும்பு விசயத்தில் நான் சொன்னது சொன்னதுதான். உன் முதல் பாதி முழுக்க என் விதிதான். பிற்பாதிக்கு மட்டும் என்கிட்டே விதி கிடையாது. அதை ஒத்துக்கிறேன், போதுமா?

இந்தத் தம்பி அச்சடிக்காட்டி வேற ஆளைத் தேடுவேன். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கடையில் வந்து உட்காருவேன். உன்னைத் தெரியாதவங்க இனி நிறையப் பேர் வருவாங்க, நீங்கதானா முதலாளின்னு கேட்பாங்க, ஆமான்னு சொல்லிப் பழகிக்குவேன். உன் கதை நடுவில் முடிஞ்சிருச்சு. மிச்சப் பக்கத்தில் கமலாவும் நானும்தான் இருக்கோம். இந்தத் தடவை பாதியில் மூடி வைக்க மாட்டேன் மச்சான்.

உன் பொண்டாட்டிக்கு அண்ணனும் உனக்கு அதுக்கு முந்தின சொந்தமுமான,
உன் மச்சான் தியாகு