உம்மா ஐம்பதில் போன அன்று

அஸ்ஸலாமு அலைக்கும், என் ஆசை வாப்பாவுக்கு.

உங்கள் காரில் நான் கை வைத்துவிட்டேன். கோபப்படுவதென்றால் இந்த இடத்திலேயே கோபப்பட்டு முடித்துவிடுங்கள். மிச்சத்தைச் சிரித்துக்கொண்டுதான் வாசிக்க வேண்டும்.

எழுதுவது றிஸ்னா, உங்கள் சின்ன மகள். சீனிப் போத்தலில் உப்பை நிரப்பி வைத்துவிட்டுக் கட்டிலுக்குக் கீழே ஒளிந்து கிடந்தவள். நீங்கள் போகும்போது எனக்குப் பத்து வயது. இப்போது பதினாறு. சாதாரணதரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவு வரும்வரை வீட்டில் சும்மா இருக்கிறேன். நான் சும்மா இருப்பது யாருக்கும் நல்லதல்ல என்று உம்மா பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்.

கடல் ஊருக்குள் பாய்ந்து வந்ததற்கு முதல்நாள் காரை அம்பாறை கராஜில் விட்டுவிட்டு வந்தீர்கள். மறுநாள் கார் இல்லாததால் சைக்கிளில் மீன் வாங்கக் கரைக்குப் போனீர்கள். கார் தப்பியது. கார் வீட்டில் நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் ஒருநாளும் உம்மாவிடம் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

அதன்பிறகு ஐந்து வருடத்துக்கு மேல் அது சம்மாந்துறையில், உம்மாவின் காக்கா, எங்கள் பெரிய மாமாவின் வீட்டு வளவில் நின்றது. கிழமைக்கொரு தடவை மாமா ஸ்டார்ட் பண்ணி, ஒரு சுற்றுப் போய் வந்து, துடைத்து மூடுவார். இந்த வருடம் சண்டையெல்லாம் ஓய்ந்து பாதை திறந்த கையோடு, மாமாவுக்குக் கட்டாரில் லொறி ஓட்டும் வேலை சரிவந்தது. அப்போதுதான் காரின் கதை வந்தது. அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர் வாங்கக் கேட்கிறாராம். ஓட்ட ஆளில்லாமல் நின்றால் துருப்பிடித்துப் போகும் என்றார் மாமா. அது சரிதான். ஆனால் உம்மா அன்று சோற்றில் கை வைத்தபடியே இருந்தார். உண்ணவில்லை.

மறுநாள் காலை அலுமாரியைத் திறந்து தன் லைசன்ஸை எடுத்தார். நீங்கள் நச்சரித்து எடுக்கவைத்த அதே லைசன்ஸ்தான். அந்தப் படத்தில் அவர் உங்களை முறைத்துக்கொண்டிருக்கிறார்.

உங்களுக்குத் தெரியாததா? உம்மா கணக்கு ரீச்சர். இலக்கம் தெரியாமல் எதையும் செய்யமாட்டார். சோறு வேகக்கூட மணிக்கூட்டைப் பார்ப்பவர், கார் ஓட்டும்போது மீட்டரைப் பார்க்காமல் விடுவாரா? குனிந்து முள்ளைப் பார்ப்பார். அவர் பார்க்கும் பக்கம் காரும் பார்க்கப் போகும். மருதமுனையில் ஒரு நெசவுக்காரர் வீட்டு வாசலில் சாயம்போட்டுக் காயவைத்திருந்த நூலையெல்லாம் பக்கக் கண்ணாடியில் கோத்துக்கொண்டு வந்துவிட்டோம். பச்சையும் சிவப்புமாகத் தொங்கப்போட்டு வீடு வந்த காரைப் பார்த்து, யாருக்குக் கலியாணம் என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். உம்மா திரும்பிப் போய் நெசவுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு, அந்தி வரைக்கும் இருந்து சிக்கெடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

மாமா அன்றைக்கே சொல்லிவிட்டார்.

"ரோட்டப் பாக்காம மீட்டரப் பாக்கிற ஆளுக்குக் கார் என்னத்துக்கு புள்ள?"

 பிறகு இருவரும் கதைத்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். உங்கள் மூத்த மகள், என் ராத்தா, ஒலுவில் கெம்பஸில் படிக்கிறாள். சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை தொடங்குகிறது. உம்மாவே கல்முனையில் எங்கள் வீட்டிலிருந்து ஓட்டிப் போய் அவளை ஏற்றிவர வேண்டும். மாமா பக்கத்தில் இருப்பார். அவர் கை ஒரு தடவையாவது ஹேண்ட்பிரேக்கில் பட்டால் கார் அக்கரைப்பற்றுக்கு. படாவிட்டால் நமக்கு.

எனக்கு நான்கு நாள் இருந்தது.

யுத்த விமானம் ஓட்டுகிறவர்களுக்கு முன் கண்ணாடியிலேயே இலக்கங்கள் மிதக்கும் என்று ஒரு சஞ்சிகையில் படித்திருந்தேன். ஹெட்-அப் டிஸ்ப்ளே என்று பெயர். தலையைக் குனியத் தேவையில்லை. உம்மாவுக்கு வேண்டியது அதுதானே? பாண்டிருப்பில் ரேடியோ திருத்தும் சந்திரன் அண்ணனிடம் போனேன். கழற்றிப் போட்ட பழைய ஜப்பான் காரொன்றின் மீட்டர் அவரிடம் கிடந்தது. முள் இல்லை, பச்சை வெளிச்சத்தில் இலக்கமாகவே வேகத்தைக் காட்டும். நம் காரின் கேபிளும் அதற்குப் பொருந்தியது. அண்ணன் வயரைச் சரிபார்த்துத் தந்துவிட்டு, "தங்கச்சி, வெடிச்சா என்ர பேரச் சொல்லாத" என்றார்.

உங்கள் முள் மீட்டரைக் கழற்றித் துணியில் சுற்றி அலுமாரியில் வைத்தேன். புதியதை டாஷ்போர்டின் மேலே, முகம் வானத்தைப் பார்க்க, வெளிச்சம் முன்கண்ணாடியில் விழ, மல்லாக்கப் படுக்கவைத்தேன். முன்கண்ணாடியின் கீழ்மூலையில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டினேன், இல்லாவிட்டால் பகலில் ஒன்றும் தெரியாது. ஓட்டுபவர் நேரே ரோட்டைப் பார்த்தால், ரோட்டின் மேலேயே பச்சை இலக்கம் மிதக்கும். பக்கத்து சீட்டிலிருந்து பார்த்தால் வெறும் கண்ணாடிதான். மாமா இதை ஹெட்டப் பிடித்த டிஸ்ப்ளே என்றார். நான் ஹெட்டைப் பிடித்தால் விடமாட்டேன் மாமா என்றேன்.

வீட்டுக்கு முன்னாலுள்ள ஒழுங்கையில் மாமாவை ஓட்டவைத்து, பின்சீட்டிலிருந்து அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துப் பரிசோதித்தேன். பத்தில் போங்கள் என்றேன். பத்து தெரிந்தது. முப்பதில் போங்கள் என்றேன். முப்பது தெரிந்தது. நடுவில் ஓடிய இலக்கங்கள் கண்ணில் நிற்கவில்லை, நானும் நிறுத்திப் பார்க்கவில்லை. மாமா அந்தப் பக்கமே பார்க்கவில்லை. இருபத்தைந்து வருடம் எஞ்சின் சத்தத்தைக் கேட்டே லொறி ஓட்டியவராம், கண்ணாடியில் படம் பார்க்கத் தேவையில்லையாம்.

சனிக்கிழமை உம்மா பிஸ்மி சொல்லிக் கிளப்பினார். சாய்ந்தமருதில் சந்தைச் சனம். உம்மா குனியவே இல்லை. கார் கோடு போட்டதுபோல் நேரே போனது. நான் பின்சீட்டில் எனக்கு நானே பரிசு கொடுத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் உறங்கும் மையவாடியின் மதிலைக் கடக்கும்போது உம்மா வாய்க்குள் சலாம் சொன்னார். கார் அந்த மதிலைத் தாண்டி முடிய நெடுநேரம் எடுத்தது. அதை அப்போது நான் யோசிக்கவில்லை. சத்தம் கேட்டதா வாப்பா?

காரைதீவில் சோதனைச் சாவடி இருந்த இடத்தில் இப்போது மணல்மூட்டை மட்டும்தான். ஒருவரும் இறங்கவில்லை, ஒருவரும் அடையாள அட்டை கேட்கவில்லை. அதைத் தாண்டியதும் வயல்வெளி, வெறும் ரோடு. மாமா எத்தனையில் போகிறாய் என்று கேட்டார்.

"அம்பது காக்கா."

"அம்பதா?"

"ஓம். அம்பது எண்டுதான் இரிக்கி."

அப்போது ஐஸ்பெட்டி கட்டிய மீன்காரர் ஒருவர் சைக்கிளில் எங்களை முந்திப் போனார். போகும்போது உள்ளே குனிந்து, ஏதும் பழுதா என்பதுபோல் ஒரு பார்வையும் பார்த்தார்.

"அப்ப அவன் நூறுலயா போறான்?" என்றார் மாமா.

 உம்மாவின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். பச்சையில் அழகாக ஐம்பது. கார் போனது இருபதில்.

கண்ணாடியில் விழும் இலக்கம் தலைகீழாகும் என்பதை நான் மறந்தே போனேன் வாப்பா. அந்த மீட்டரின் இலக்கங்கள் கட்டம்கட்டமான கோடுகளால் ஆனவை. பூச்சியம், ஒன்று, மூன்று, எட்டு, இவை தலைகீழாக நின்றாலும் அப்படியே இருக்கும். அந்தக் கெட்டிக்காரர்களை வைத்துத்தான் நான் பரிசோதித்திருக்கிறேன். இரண்டைக் கவிழ்த்தால் ஐந்து. ஐந்தைக் கவிழ்த்தால் இரண்டு. இருபதில் போனால் ஐம்பது என்று காட்டும். ஐம்பதில் போனால்? உம்மா இருபது என்று நம்பி இன்னும் மிதித்தால்?

சொல்ல வாய் திறந்தேன். உம்மா ஏதோ ஒரு பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஸ்டீயரிங்கை நெரிக்காமல், சும்மா பிடித்திருந்தார். இந்த நேரம் சொன்னால் பயந்து குனிவார், கார் வயலுக்குள் இறங்கும், மாமாவின் கை ஹேண்ட்பிரேக்குக்குப் போகும். சொல்லாவிட்டால்? வாழ்க்கையில் முதல்தடவையாக நான் வாயை மூடிக்கொண்டிருந்தது நிந்தவூர் முழுக்க. ஓதத் தெரிந்ததையெல்லாம் ஓதினேன். இரண்டு டிரக்டர், ஒரு முச்சக்கரவண்டி, ஒரு மாட்டுக்கன்று எங்களை முந்தின. கன்றுக்குட்டி சும்மா ஒரு பேச்சுக்கு.

ஒலுவில் கெம்பஸ் வாசலில் மாமா ராத்தாவின் பெட்டியைத் தூக்கப் போனார். நான் உம்மாவின் காதுக்குள் எல்லாவற்றையும் கொட்டினேன். அழுகையும் வந்துவிட்டது. உம்மா சேலைத் தலைப்பால் என் மூக்கைத் துடைத்தார்.

"சாய்ந்தமருதிலயே தெரியும் மகள். பதினெட்டுக்குப் பொறகு அம்பது வாற கணக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில இரிக்கி?"

"அப்ப ஏன் மாமாக்கிட்ட அம்பது எண்டு சொன்ன நீங்க?"

"கண்ணாடியில இருந்தத்தான் சொன்னன். நான் பொய் சொல்றல்ல." பிறகு என் பக்கம் குனிந்தார். "வாயத் தொறக்காம பின்னால ஏறு. இனித்தான் பாரு."

வாப்பா, எங்கள் வீட்டில் குறும்பு எனக்கு மட்டும்தான் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். உங்களிடமிருந்து வந்ததென்று எல்லோரும் சொல்வார்கள். நீங்கள் யாரிடமிருந்து பழகினீர்கள் என்று இப்போதுதான் எனக்குச் சந்தேகம்.

திரும்பி வரும்போது நிந்தவூர் தாண்டிய வெறும் ரோட்டில் உம்மா மிதித்தார். ஜன்னலால் காற்று அடித்து ராத்தாவின் பர்தா என் முகத்தில் விழுந்தது. மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"புள்ள, எத்தினையில போறாய்?"

"இருவது காக்கா."

"இது இருவது இல்ல புள்ள."

"இருவது எண்டுதான் எழுதியிரிக்கி. வேணுமெண்டா எட்டிப் பாருங்க."

மாமா எட்டிப் பார்த்தார். இருபது. எஞ்சினைக் காது கொடுத்துக் கேட்டார். மறுபடியும் எட்டிப் பார்த்தார். மீன்காரரைத்தான் தேடினாரோ தெரியாது, ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். அவர் கை கதவுப் பிடியில் இருந்தது, முழங்காலில் இருந்தது, தொப்பியில் இருந்தது. ஹேண்ட்பிரேக் பக்கம் போகவில்லை. போகத் தேவை வரவில்லை. எதிரே வந்த பஸ்ஸுக்கு உம்மா அளவாக ஒதுங்கினார், ரோட்டுக்கு வந்த மாட்டுக்கு நேரத்தோடு வேகம் குறைத்தார். எனக்கும், பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்த ராத்தாவுக்கும் சிரிப்பை அடக்கி விலா நொந்தது.

வீட்டு வாசலில் நிறுத்தி, சாவியைக் கழற்றி, அதன்பிறகுதான் உம்மா உண்மையைச் சொன்னார். மாமா முதலில் என்னைப் பார்த்தார், பிறகு உம்மாவைப் பார்த்தார். எந்தப் பக்கம் ஏசுவதென்று தெரியாமல் சிரிக்கத் தொடங்கியவர், கண்ணைத் துடைக்கும் வரைக்கும் சிரித்தார். பிறகு ஃபோனை எடுத்து அக்கரைப்பற்றுக்காரருக்கு அடித்தார்.

"கார் குடுக்கிறல்ல தம்பி. ஓட்டுற ஆள் வந்திட்டா."

அதைக் கேட்டுக்கொண்டு உம்மா காரின் பானெட்டில் கை வைத்தபடி கொஞ்சநேரம் நின்றார். சூடாக இருந்திருக்கும். கையை எடுக்கவில்லை.

நேற்று மீட்டருக்கும் முன்கண்ணாடிக்கும் நடுவில் முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியொன்றை வைத்துவிட்டேன். ஒன்று கவிழ்த்ததை மற்றது நிமிர்த்துகிறது. பூச்சியத்திலிருந்து ஒன்பது வரை எல்லா இலக்கத்தையும் ஒவ்வொன்றாகக் காட்டவைத்து, உம்மா அப்பியாசக் கொப்பியில் சரி போட்டார். கீழே கையெழுத்தும் வாங்கினார், என்னிடம்.

மாமா கட்டாருக்குப் போய்விட்டால் உம்மாவுக்குப் பக்கத்து சீட் வெறுமையாக இருக்கும். நீங்கள் ஓட்டிய காலத்தில் அது உம்மாவின் இடம். அங்கிருந்துகொண்டுதான் உங்களுக்கு வழி சொன்னார், கச்சான் கடலை உரித்துத் தந்தார், நித்திரை வராமல் கதை கொடுத்தார். இப்போது உங்கள் இடத்துக்கு அவர் மாறிவிட்டார். அவருடைய இடத்துக்கு நான் வருகிறேன். பாதை திறந்துவிட்டது, திருகோணமலைக்குப் போகவேண்டும் என்கிறார், யாழ்ப்பாணத்தையும் பார்க்கவேண்டும் என்கிறார். எவ்வளவு தூரம் போனாலும் கச்சான் உரிப்பேன், கதை கொடுப்பேன், ஒரு நிமிடம்கூட நித்திரை கொள்ளமாட்டேன். இது விளையாட்டுக்குச் சொல்லவில்லை வாப்பா.

உங்களுக்கு ஒவ்வொரு வக்துத் தொழுகையிலும் துஆ கேட்டுக்கொண்டு,
உம்மாவின் பக்கத்து சீட்டிலிருந்து,
உங்கள் சின்ன மகள் றிஸ்னா.