டிக்டிக் காணாமல் போன கோடை

ஜூலை 6

வாங்க, நல்லா இருக்கீங்களா? சாப்பிட்டாச்சா? உங்க பக்கமும் மழை விடாமல் ஊற்றுதா?

நோட்டைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று கேட்கிற ஆள் இந்த மலையடிவாரத்தில் நான் ஒருத்தன்தான் இருப்பேன். என்ன செய்ய? பேச ஆள் வேண்டும் எனக்கு. பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு ஆப்பிள் மரத்தில் ஏறியவன், அன்றிலிருந்து வாயை மூடியதில்லை. ஆனால் கூட்டுறவுச் சங்கத்தில் இப்போதெல்லாம் எல்லாரும் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறார்கள். ஒரு வார்த்தை தெளிவாக வருவதில்லை. அலுத்துப்போய் இந்த நோட்டை வாங்கினேன். இது முணுமுணுக்காது.

சொல்ல வந்தது கார் பற்றி. என் சிவப்பு ரெண்டு சீட் கார், கூரையை மடித்துவிடலாம். நல்ல விளைச்சல் வந்த ஒரு வருடம் வாங்கினேன். அதற்கு முந்தின வருடம் புயலில் பழம் பூரா உதிர்ந்துபோய், பன்றிகூடத் தின்று சலித்தது. அது வேறு கதை. ஒவ்வொரு நவம்பரிலும் அறுவடை முடிந்ததும், கூரையை மடித்து, காலடியில் ஹீட்டரைப் போட்டு, போர்வை சுற்றிக்கொண்டு நானும் கினுயோவும் கணவாய்க்கு அந்தப்பக்கம் வெந்நீர் ஊற்றுக்குப் போவோம். வருடம் முழுக்கச் சேர்த்துவைத்த பேச்செல்லாம் அந்த வழியில்தான் பேசுவாள் என் பெண்டாட்டி. சமீபமாகப் பேசுவதில்லை. வயசாகிறது போல.

வசந்தத்திலிருந்து இன்ஜினில் டிக்டிக் என்று ஒரு சத்தம்.

குராஷினா வந்து காதைக் கொடுத்துக் கேட்டான். ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான், ஒன்றாம் வகுப்பிலிருந்து எனக்குப் பக்கத்து பெஞ்சு. “வால்வுப் பக்கம் ஆயில் ஒழுங்காப் போய்ச் சேரலடா இசாவோ. திறந்து பார்க்கணும். இப்படியே கணவாய் ஏத்துனா பாதி மலைல செத்துடும்.”

திறப்பதா? இந்த வண்டிக்குப் பாதி சாமான் இப்போது எவனும் செய்வதில்லை. திறந்தால் மூட முடியுமா என்று கேட்டேன். “மூட முயற்சி பண்றேன்” என்கிறான். டாக்டர் இப்படிச் சொன்னால் யாராவது வயிற்றைக் காட்டுவார்களா?

கீழே பாத்திர மூடியைத் தட்டுகிறாள். சோறு ரெடி என்று அர்த்தம். வாய் இருக்க மூடியைத் தட்டுவது எந்த ஊர்ப் பழக்கமோ.

ஜூலை 9

டவுனில் கார் சாமான் கடைக்குப் போனேன். ஆயிலோடு கலந்து ஊற்றுகிற மருந்து, நீலக் குப்பி. உள்ளே படிந்த அழுக்கைக் கரைக்கும், தேய்ந்த இடத்தில் படலமாகப் படியும், சத்தம் அடங்கும் என்று கடைக்காரப் பெண் விளக்கினாள். பாதிதான் காதில் விழுந்தது, அவளும் முணுமுணுப்பு ஜாதி. ஆனால் குப்பியில் போட்டிருந்த பிஸ்டன் படம் பளபளவென்று நன்றாக இருந்தது.

இன்ஜினைச் சூடாக்கி, கொஞ்சம் ஆயிலை இறக்கிவிட்டு, புனல் வைத்து ஊற்றினேன். தேன்போல இழுத்துக்கொண்டு இறங்கியது. பிறகு ஆற்றோரமாகப் பாலம் வரை ஒரு ஓட்டம். டிக்டிக் இருந்தது. திரும்பும்போதும் இருந்தது. கொஞ்சம் சோம்பலாக இருந்ததோ?

ஜூலை 11

போச்சு! சுத்தமாகப் போச்சு!

ஜூலை 14

குராஷினாவை வரவழைத்துக் கேட்கவைத்தேன். வண்டியின் முன்மூடியைத் தூக்கி, தலையைச் சாய்த்து, கோழி மண்ணைப் பார்ப்பதுபோல ரொம்ப நேரம் நின்றான்.

“குறைஞ்சிருக்கு.”

“குறைஞ்சிருக்கா? போயே போச்சுடா!”

“குறைஞ்சிருக்கு. போகல.”

பொறாமை. ஒரு குப்பி வந்து அவன் தொழிலைச் செய்துவிட்டுப் போனால் யாருக்குத்தான் வயிறு எரியாது? பாவம் என்று கினுயோ செய்த ஒயாகிக் கொழுக்கட்டை ரெண்டு கொடுத்து அனுப்பினேன். கத்தரிக்காய் வைத்தது.

ஜூலை 27

நாள் பூராவும் ஆப்பிள் மரத்துக்கு மருந்தடிப்பு. தெளிப்பு வண்டியின் காற்றாடி சுற்றினால் ஆகாய விமானத்தின் வாலில் உட்கார்ந்ததுபோல இருக்கும். மகன் டோக்கியோவிலிருந்து காதுமூடி ஒன்று வாங்கி அனுப்பியிருந்தான். அதைச் சோளக்கொல்லைப் பொம்மைக்கு மாட்டிவிட்டேன், அதற்கு எடுப்பாக இருக்கிறது. சத்தம் கேட்காமல் மெஷின் எப்படி ஓடுகிறது என்று எவனுக்குத் தெரியும்? நாற்பது வருடமாக இந்தக் காதை வைத்துத்தான் ஓட்டுகிறேன்.

ஆகஸ்ட் 8

குராஷினா வந்து சத்தம் திரும்ப வந்துவிட்டது என்கிறான். முன்னைவிட மோசமாம். நானும் அவனும் அந்த வண்டியின் முன்னால் தலையோடு தலை முட்ட நின்றோம். அவனுக்குக் கேட்கிறதாம். எனக்கு ஒன்றும் இல்லை. ஒரே வண்டி, ஒரே இன்ஜின்!

“விளையாடாதடா. இதுகூடவா கேக்கல உனக்கு?”

“இல்லாத சத்தத்தை எப்படிடா கேக்கறது?”

“அப்ப நான் பொய் சொல்றேனா?”

“திறக்கணும்னு துடிக்கிறியே, வேற என்ன சொல்றது?”

வாயிலிருந்து விழுந்துவிட்டது. அவன் கையைத் துணியில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு போய்விட்டான். தேநீர்கூடக் குடிக்கவில்லை.

ஆகஸ்ட் 9

நான் சொன்னது தப்பா? இல்லாதத இருக்குன்னா என்ன பண்றது? காலையில நாலு தடவ ஸ்டார்ட் பண்ணிக் கேட்டேன். பட்டு மாதிரி ஓடுது. பட்டு! அவனுக்குத்தான் மண்டைக்குள்ள டிக்டிக்.

ஆனாலும் அவன் பொய் சொல்கிற ஆள் இல்லையே. அதுதான் குழப்பமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 21

மருயாமா வீட்டு அக்கா ஒரு பெட்டி நிறைய மணிப்பூச்சி கொடுத்தாள். வருடா வருடம் வளர்த்து ஊருக்கெல்லாம் பங்கு போடுகிறவள். சின்ன வயதில் நான் அதன் ரீங்காரத்தில்தான் தூங்குவேன். வெள்ளரித் துண்டு வைத்தேன், கத்தரி வைத்தேன், தண்ணீர் தெளித்தேன். ஒன்றாவது வாயைத் திறக்கவேண்டுமே! இறக்கையை மட்டும் தூக்கித் தூக்கி ஆட்டுகின்றன, ஊமை நாடகம் போல.

“இந்த வருஷம் அக்கா ஊமைப் பூச்சியாப் பாத்துக் கொடுத்திருக்கா” என்றேன்.

கினுயோ என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “சரி” என்றாள். பெட்டியை எடுத்துப்போய்த் தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். பாடாத பூச்சி தலைமாட்டில் எதற்கு?

ஆகஸ்ட் 30

காய்ச்சல். தெர்மாமீட்டரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்தால் பீப் என்று கூப்பிடவே இல்லை. அப்படியே தூங்கிவிட்டேன். பேட்டரி மாற்றினேன். அப்போதும் இல்லை. பூச்சி ஊமை, தெர்மாமீட்டர் ஊமை, இந்த வீட்டில் ஒழுங்காக இருப்பது என் கார் ஒன்றுதான்.

செப்டம்பர் 12

இப்போது ஆயில் அழுத்த முள்ளும் கெட்டுவிட்டது. ஏற்றத்தில் நடுவில் நிற்கவேண்டியது, கீழே கீழே சாய்கிறது. முள் ஒன்று சொல்கிறது, காது ஒன்று சொல்கிறது. முள்ளை எவனோ தொழிற்சாலையில் வைத்தான். காது எனக்குக் கடவுள் வைத்தது. எதை நம்ப?

முன்னால் என்றால் குராஷினாவைக் கேட்டிருப்பேன்.

செப்டம்பர் 13

காதைத்தான்.

செப்டம்பர் 23

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

இன்று கல்லறைக்குப் போகிற நாள். கினுயோவின் அப்பா அம்மா கணவாய்க்கு அந்தப்பக்கம் இருக்கிறார்கள். லாரியிலேயே போகலாம் என்றாள். நான்தான் பிடிவாதமாகச் சிவப்பு வண்டியை எடுத்தேன். ஏறிக் காட்டினால் குராஷினாவின் காதுக்குச் செய்தி போகும் இல்லையா? அவள் மடியில் பயறு பூசிய சோற்று உருண்டைப் பெட்டி, பூ, ஊதுவத்தி.

மூன்றாவது வளைவில் என் கையைத் தட்டினாள். குனிந்து காதுக்குப் பக்கத்தில் வந்து கத்தினாள்.

“ஏங்க, இந்தத் தையல் மெஷின் எப்பதான் நிக்கும்?”

“எந்தத் தையல் மெஷின்?”

“உங்க வண்டிக்குள்ள ஓடுதே, அதுதான். வீட்ல கிளம்பறப்ப மெதுவா ஓடுச்சு. இப்ப மேளம் அடிக்குது.”

அவளுக்கு வண்டி பற்றி ஒன்றும் தெரியாது. டயருக்கும் ஸ்டியரிங்குக்கும் வித்தியாசம் கேட்டால் ரெண்டும் வட்டம் என்பாள். அவளுக்கு என்னிடம் பொய் சொல்லி ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

ஏனோ எனக்குப் பூச்சிகள் ஞாபகம் வந்தது.

“கினுயோ. அந்தப் பூச்சி பாடுதா?”

“தினமும் பாடுது. ராத்திரி பூரா.”

“தெர்மாமீட்டர்?”

“அதுபாட்டுக்குக் கத்துது. நான்தான் வந்து எடுத்துட்டுப் போவேன். நீங்க தூங்கிட்டிருப்பீங்க.”

அப்போ முள்? குனிந்து பார்த்தேன். அடியில் படுத்துக் கிடந்தது. சாவியைத் திருப்பினேன். வண்டி உருண்டு ஓரமாக நின்றது.

எல்லாம் நிசப்தமாக இருந்தது. இல்லை, எனக்கு மட்டும்தான் நிசப்தம். அவளுக்கு என்னென்னவோ கேட்டுக்கொண்டிருந்திருக்கும். மரம், பறவை, பூச்சி.

“ஏன்டி சொல்லல?”

“சொன்னா கேட்டிருப்பீங்களா? அம்பது வருஷ சிநேகிதன் சொன்னதையே நம்பல.” அப்புறம் மெதுவாக ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. திரும்பச் சொல்லு என்று கேட்க வெட்கமாக இருந்தது. கேட்டேன். “உங்களக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்குத் தொண்டை போச்சுன்னேன். அதனாலதான் மூடியத் தட்டறேன்.”

போன் பண்ணினாள். குராஷினா இழுவை வண்டியோடு வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. முன்மூடியைத் திறந்தான், ஆயில் அளவு பார்த்தான், நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை என் கையில் திணித்தான்.

“முனையை இங்க வை. பிடியைக் காதுக்குப் பின்னால எலும்புல அழுத்து. ஒரு மூச்சுதான் ஓட்டுவேன்.”

ஓட்டினான்.

மரங்கொத்தி. மண்டைக்குள் மரங்கொத்தி. இத்தனை நாளும் அது கொத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நான் பட்டு என்று எழுதியிருக்கிறேன்!

குராஷினா ஸ்க்ரூடிரைவரை வாங்கிக்கொண்டான். வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாக, எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னான்: “சத்தம் போச்சு. திரும்பி வந்துச்சு. உன் காதுதான்டா போனது, திரும்பி வரல.”

மலையோரத்தில் வைத்தே சோற்று உருண்டை தின்றோம், மூன்று பேரும். மாமனாரும் மாமியாரும் மன்னிக்கட்டும்.

அக்டோபர் 3

காது டாக்டர். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருக்கும் நர்ஸின் முகத்தைப் பார்த்து அழுத்தினேன். திரும்பி உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

கீச்சென்ற சத்தமெல்லாம் எனக்கு இல்லையாம். தெளிப்பு வண்டி தின்றுவிட்டது என்றார். போனது வராது, மிச்சத்தைக் காப்பாற்றலாம், கருவி வைத்தால் பழகும் என்றார்.

அப்போ அந்தச் சங்கத்து ஆட்கள் யாரும் முணுமுணுக்கவில்லையா?

அக்டோபர் 10

முதல் பழம் ஒரு கூடை எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். மன்னிப்புக் கேட்பதற்கு ஒத்திகை எல்லாம் பார்த்து வைத்திருந்தேன். அவன் அதற்குக் காதே கொடுக்கவில்லை.

“அதெல்லாம் இருக்கட்டும். முதல்ல போய் அந்தப் பொம்மைகிட்ட காதுமூடிய வாங்கு. அதுக்கு இருக்கற புத்திகூட உனக்கு இல்ல.”

இன்ஜின் மேசை மேல் பிரிந்து கிடந்தது. பார்க்க முடியவில்லை, சொந்தக்காரனை அப்படிப் பார்ப்பது போல. அடியில் ஆயில் உறிஞ்சுகிற வலையைக் காட்டினான். கறுப்புப் பசை அப்பி அடைத்திருந்தது.

“உன் மருந்து வேலை செய்யலன்னு யார் சொன்னது? ரொம்ப நல்லா செஞ்சிருக்கு. உள்ள இருந்த அழுக்க எல்லாம் கழட்டி வாயில கொண்டுவந்து அடைச்சிருச்சு.”

“அப்ப அது நல்ல மருந்தா, கெட்ட மருந்தா?”

“என்னைக் கேட்டா?”

“வேற யாரக் கேக்கறது?”

யோசித்தான். “சுத்தமான வயித்துக்கு நல்லது. உன் வண்டி வயித்துக்கு... தெரியலடா.” அவனுக்கே தெரியவில்லை என்பதில் எனக்கு ஒரு ஆறுதல். மூட முடியுமா என்று கேட்டேன். “முயற்சி பண்றேன்” என்றான். இந்தத் தடவை அந்தச் சொல் அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை.

அக்டோபர் 29

காதுக் கருவி. ஐயோ! காகிதம் இடி இடிக்கிறது. நான் மெல்லுகிற முள்ளங்கி எனக்கே அருவருப்பாக இருக்கிறது. கினுயோவின் செருப்பு தரையில் உரசும் சத்தத்தில் ஒரு தாளம் இருக்கிறது, இடது கால் கொஞ்சம் இழுக்கிறாள். எப்போதிலிருந்து?

மணிப்பூச்சியெல்லாம் குளிரில் செத்துவிட்டன. பெட்டியில் மண் மட்டும். முட்டை இட்டிருக்கும், வெளியே வைக்காதே என்று மருயாமா அக்கா சொல்லியிருக்கிறாள். தெளிவாகத்தான் சொன்னாள்.

நவம்பர் 24

கடைசிப் பெட்டி ஆப்பிள் நேற்றுப் போனது. காலையில் குராஷினா வண்டியைக் கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்தினான். திறந்த இன்ஜினை மூடிவிட்டான்! அணைக்காமல் விட்டு, என் காதைப் பார்த்தபடி நின்றான். கேட்டேன். கீழே, ஆழத்தில், டிக்... டிக்... என்று ஒன்றே ஒன்று.

“இருக்குடா!”

“கேக்குதா?” அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். “அது நல்ல டிக். இந்த வயசு இன்ஜினுக்கு அவ்வளவு இருக்கத்தான் செய்யும். முள்ளைப் பாரு, நடுவுல நிக்குது. அதுவும் வேணாம்னா இன்னொரு குப்பி வாங்கி ஊத்து.”

அடிக்கப் போனேன், ஓடிவிட்டான்.

போர்வை எடுத்துவைத்தாகிவிட்டது. கணவாயில் பனி இன்னும் விழவில்லையாம். கூரையை மடித்துத்தான் போகப்போகிறேன், காற்று இந்தக் கருவிக்குள் ஊ என்று ஊதும் என்று டாக்டர் பயமுறுத்தியிருக்கிறார், ஊதட்டும், அதற்கு நடுவில் அவள் பேசுவது எவ்வளவு கேட்கும் என்றுதான் தெரியவில்லை, வருடக்கணக்கில் சேர்த்து வைத்திருப்பாளே, அதில் முதல் கேள்வியாக அந்த இடது காலைப் பற்றி

கீழே கினுயோ கூப்பிடுகிறாள். மூடி தட்டவில்லை. கத்தக்கூட இல்லை, பக்கத்தில் இருப்பவனைக் கூப்பிடுகிற மாதிரி, ஒரே ஒரு தடவை, சும்மா “ஏங்க” என்று. இதோ வந்துட்