நான்காம் நம்பர் பொடி

நசரத்பேட்டை
ஞாயிறு, பூசை முடிந்து வந்த பிறகு

என் அன்பு மகள் ஹெலினாவுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. மாதா புண்ணியத்தில் நான் சுகம், உன் அப்பாவும் சுகம், அவருடைய மெஷின் எங்கள் இரண்டு பேரையும்விட சுகம், எங்களுக்காவது கால் வலி, சர்க்கரை என்று ஏதோ உண்டு, அதற்கு ஒன்றும் கிடையாது, பகலும் இரவும் உருண்டுகொண்டே இருக்கிறது. அந்தக் குளிரில் நீயும் அப்படியே சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலையில் உன் பெயரைச் சொல்லித்தான் முடிக்கிறேன். போன் இருக்கும்போது இந்த அம்மா ஏன் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பாய். வீட்டில் இருப்பது ஒரே போன், நான் உன்னிடம் பேசும்போதெல்லாம் உன் அப்பா ஹாலில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், நான் உனக்கு வாய்ஸ் அனுப்பினால் அதையும் பிறகு எடுத்துக் கேட்கிறார். ஃபேக்டரி சத்தத்தில் காது போய்விட்டது என்று வாசலில் வந்து கூப்பிடுகிறவர்களிடம் எல்லாம் சொல்கிற மனுஷனுக்கு உன் குரல் மட்டும் எப்படிக் கேட்கிறதோ. அதனால் இதை எழுதி மாடியில் குடியிருக்கும் ஷர்மிளாவிடம் கொடுத்து, அவள் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லப் போகிறேன். அவள் படித்துவிடுவாளோ என்று பயப்படாதே, இங்கிலீஷ் மீடியத்தில் படித்த பெண், என் கையெழுத்து அவளுக்குக் கோழி கிண்டின மாதிரிதான் தெரியும்.

அவருடைய பிறந்த நாளுக்கு நீ அந்தக் கல்லை உருட்டிப் பளபளப்பாக்குகிற மெஷினை அனுப்பினாயே, அது வந்த அன்றைக்கு என்ன நடந்தது என்று உன்னிடம் நான் முழுசாகச் சொல்லவில்லை. பெட்டியைப் பார்த்தார், யார் அனுப்பியது என்று பார்த்தார், பீரோவுக்குப் பக்கத்தில் தள்ளி வைத்துவிட்டார். அதன் மேல் இஸ்திரித் துணி, கரண்ட் பில், என் மூக்குக் கண்ணாடி எல்லாம் ஏறி உட்கார்ந்தன. அவர் கோபம் உனக்குத் தெரியாததா. கல் ஆராய்ச்சிக்காக கனடா போக நீ வேலையை விட்டதுகூட அவருக்குப் பெரிதில்லை, அதை நீயோ நானோ சொல்லாமல், பென்ஷன் விஷயமாக ஆவடி போன இடத்தில் அவரோடு வேலை பார்த்த அந்த இராமகிருஷ்ணன் சொல்லித் தெரிந்துகொண்டதுதான். தான் வேலை பார்த்த ஃபேக்டரியிலேயே மகளும் பரீட்சை எழுதி உள்ளே போனாள் என்று குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவர் இல்லையா. அன்றைக்கு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே, கவர்மென்ட் வேலைய உதறிட்டு கல்லு பொறுக்கப் போறாளாம் உம் பொண்ணு என்றார். போன ஈஸ்டருக்கு முந்தின பெரிய நோன்பில் நீ விமானம் ஏறியதிலிருந்து உன்னோடு பேசவில்லை, என்னிடம் சொல்லும்போது நீ எப்போதும் என் பொண்ணுதான், அவருக்கும் உனக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி. நீயும் அவருக்குப் பிறந்தவள்தானே, அப்பா வாயால் கூப்பிட்டால்தான் கிறிஸ்மஸுக்கு வருவேன் என்று சொல்லிவிட்டாய். நடுவில் நான் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒரு மௌனம், அந்தப் பக்கம் ஒரு பிடிவாதம், இரண்டுக்கும் சேர்த்து சமைத்துக்கொண்டிருக்கிறேன். உண்மையைச் சொல்கிறேன் பாப்பா, எனக்கு அலுத்துவிட்டது, ராத்திரி படுத்தால் உன் முகம்தான் வருகிறது.

பெட்டி எப்படித் திறந்தது என்று கேள். ஒரு நாள் நான் சும்மா, இது அந்த ஊர் கரண்டுக்குச் செய்த மெஷின், இங்கே சொருகினால் புகைந்துவிடுமாம், வேம்புலியைக் கூப்பிட்டுக் காட்டலாமா என்றேன். வேம்புலி யார் என்று தெரியுமே, நம் தெருவில் பைப்பும் பார்ப்பான், கரண்டும் பார்ப்பான், இரண்டிலும் அவன் வந்து போன பிறகு இன்னொருவன் வர வேண்டும். உன் அப்பா மெஷின் ஷாப்பில் காலம் தள்ளியவர், அவர் வீட்டு மெஷினில் வேம்புலி கை வைப்பதா. உம் பொண்ணுக்கு வோல்டேஜ்கூடத் தெரியல, இதுல கனடா வேற என்று சொல்லிக்கொண்டே பெட்டியைக் கிழித்தார். உன் தப்பைக் கண்டுபிடிக்கிற சந்தோஷம் முகத்தில் அப்படித் தெரிந்தது. உள்ளே பார்த்தால் அதற்கென்று ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் வைத்து அனுப்பியிருக்கிறாய். கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு நல்ல சாமான்தான் என்றார், உன்னை இல்லை, டிரான்ஸ்ஃபார்மரை.

கூட இருந்த புத்தகத்தை மட்டும் தொடவில்லை, ஊறுகாய் ஜாடி அளவு ரப்பர் டப்பா, அது உருளுவதற்கு ஒரு புத்தகமா என்று கேட்டார். பக்கத்து மனையில் வீடு கட்டக் கொட்டியிருந்த ஜல்லி, உடைந்த செங்கல், பாத்ரூம் டைல்ஸ் துண்டு என்று கண்ணில் பட்டதையெல்லாம் உள்ளே போட்டு, மணல் மாதிரி கறுப்பாக இருந்த ஒன்றாம் நம்பர் பொடியைக் கொட்டி, தண்ணீர் ஊற்றி மூடினார். மூடினவர் சும்மா இருந்தாரா, காப்பி குடிக்கும் முன் ஒரு தடவை, குடித்த பின் ஒரு தடவை திறந்து பார்ப்பார். வாரக் கடைசியில் செங்கல் கரைந்து சேறாகியிருந்தது, டைல்ஸ் பல்லு பல்லாகப் போயிருந்தது, ஜல்லி மட்டும் போனபடியே திரும்பி வந்தது. அதற்குப் பிறகுதான் புத்தகம் தலையணை அடிக்குப் போனது. போன மாதம் நான் போனில், ஏம்மா எல்லாக் கல்லும் ஒரே மாதிரி கெட்டியாக இருக்கணுமா, டப்பாவில் முக்கால்வாசி போட்டால் போதுமா, தண்ணி ஊற்றுவது மேலே இருக்கிற கல்லு மறைகிற வரைக்குமா என்று வரிசையாகக் கேட்டேனே, அம்மாவுக்கு இந்த வயதில் என்ன படிப்பு என்று நீ சிரித்தாயே, அதெல்லாம் என் கேள்வியா. நீ கேக்குற மாதிரி கேளு என்று சொல்லிக் கொடுத்துவிட்டு பேப்பருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். இத்தனை வருடம் அரிசியில் கல் பொறுக்கியவள் நான், எனக்கு யாரும் மெஷின் வாங்கி அனுப்பவில்லை, கேள்வி மட்டும் என் பெயரில் போகிறது.

நல்ல கல் வேண்டும் என்று ஸ்கூட்டரில் செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் போனோம், குடை பிடிக்க ஆள் வேண்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார். பிளாட் போட மண்ணை வாரிப் போட்டிருக்கிறார்களே, அந்த இடத்தில் பழுப்பும் வெள்ளையுமாகக் கூழாங்கல் நிறையக் கிடக்கிறது. கையில் சிமெண்ட் சாக்கு, ரிட்டயர்மென்ட் அன்றைக்குப் போட்ட அதே சட்டை, குனிந்தவர் நிமிரவில்லை. அங்கே காவலுக்கு இருந்த ஆள் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, இன்னா நைனா, மோதிரம் எதுனா தொலைச்சிட்டியா, அப்ப புட்ச்சி தேடிகினு கீறியே என்று கேட்டான். உன் அப்பா தலையைக்கூடத் தூக்காமல், ஒண்ணுமில்லப்பா, கல்லு பொறுக்குறேன் என்றார். சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது போல, கை அப்படியே நின்றுவிட்டது. நான் ஏரியில் கொக்கு பார்க்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன், சிரித்திருந்தால் நசரத்பேட்டை வரைக்கும் நடந்துதான் வந்திருக்க வேண்டும்.

அந்தக் கல் நன்றாக உருண்டது. கூடவே தெருவும் நம் வாசலுக்கு உருண்டு வந்தது என்று வை. துணி துவைக்கிற இடத்தில் சரசரவென்று ஓயாத சத்தம், நாங்கள் கிரைண்டர் போட்டு ஈரமாவு வியாபாரம் ஆரம்பித்துவிட்டோம் என்று நினைத்து எதிர்வீட்டு உத்தமன் பாத்திரத்தோடு வந்து நின்றார், உன் புண்ணியத்தில் அவருக்காக நிஜமாகவே இட்லிக்கு ஊறப்போட்டு அரைத்துக் கொடுத்தேன். பிறகு ஒரு நாள், டப்பாவில் இருந்த சேற்றுத் தண்ணீரை வெளியே மண்ணில் ஊற்று என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதாம், அந்தப் பக்கத்துக்கு இவர் இன்னும் வரவில்லை, என் சமையலறைத் தொட்டியில் ஊற்றிவிட்டார். பைப்புக்குள் அது இறுகி சாதம் வடித்த கஞ்சிகூடப் போக மாட்டேன் என்றது. வேம்புலி வந்து, பைப்பை அறுத்து எடுத்துப் பார்த்துவிட்டு, இன்னாம்மா இது, சிமெண்ட கரைச்சி ஊத்திகினியா என்று என்னைக் கேட்டான். அப்போதுதான் உன் அப்பா குறுக்கே வந்து, அவளக் கேக்காத, அது எம் பொண்ணு கனடாவுலேர்ந்து அனுப்பிச்ச மெஷினு, கல்லப் பத்திப் படிச்சி அங்க பெரிய எடத்துல வேலை செய்யிது என்றார். எம் பொண்ணு என்றார், ஹெலினா. வேம்புலி அதற்கும் விடவில்லை, அது சரி நைனா, பொண்ணு மெஷின்தான அனுப்பிச்சிது, பைப்ப அடைக்கச் சொல்லிச்சா என்று கேட்டுவிட்டுப் போனான். நான் அந்த அடைபட்ட தொட்டி முன்னாலேயே நின்று கொஞ்சம் அழுதேன், பைப்புக்காக அழுகிறேன் என்று நினைத்து புதுசு மாத்திடலாம் விடு என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது, திட்டாமல் படி. நீ அனுப்பிய பொடியில் முதல் மூன்றும் கல்லைத் தேய்க்கத்தான், கடைசியில் பளபளப்பு கொடுப்பது நான்காம் நம்பர்தான், வெள்ளையாக முகப்பவுடர் மாதிரி இருக்குமே. அதை எடுத்து மறைத்துவிட்டேன். மூன்றாம் நம்பர் பொடியின் ஓட்டத்தை ஆரம்பிக்கும்போது அவர் கல்லையும் டப்பாவையும் பல் விளக்கும் பிரஷ் போட்டுக் கழுவினார் (என் பிரஷ்), முந்தின பொடி ஒரு துகள் தங்கினாலும் கல்லில் கீறல் விழுமாம், அப்படிக் கழுவிவிட்டு அடுத்ததற்கு நான்காம் நம்பரைத் தயாராக எடுத்து வைக்கத் தேடினார். பீரோ, அலமாரி, சாக்குப்பை, என் சேலை மடிப்பு வரைக்கும் தேடினார். நான் சாவகாசமாக, அந்த வெள்ளைப் பொடியா, பித்தளை விளக்குற பவுடர்னு நினைச்சி மாதாவோட மெழுகுவத்தி ஸ்டாண்டைத் தேய்ச்சிட்டேனே என்றேன். முந்தின நாளே அதைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தேன். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பரவால்ல, முகம் தெரியிற ஃபினிஷு, நல்ல பொடிதான் என்று பெருமூச்சு விட்டார். பாவமாகத்தான் இருந்தது. இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லத்தான் போகிறேன், ஆனால் கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம், இப்போதே சொன்னால் முதலில் பொடியைக் கொடுத்துவிட்டு வா என்று அனுப்பிவிடுவார்.

ஷர்மிளா பாவம் நல்ல மனதோடு, அங்கிள், ஆன்லைன்ல இங்கயே கிடைக்குது, நாளைக்கே வந்துடும், போடட்டுமா என்று கேட்டாள். நான் அவளுக்குக் கண்ஜாடை காட்டினேன், அவள் பார்த்தால்தானே. இவர் ஒரே வார்த்தையில், வேணாம்மா, அதே கம்பெனிதான் சரியா வரும், அங்கேர்ந்துதான் வரணும் என்றார். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது, எதையோ ஒளித்து வைத்திருப்பது நான் மட்டும் இல்லை, அவரும்தான் என்றும் தெரிந்தது. பொடி எங்கே இருக்கிறது என்று கேட்கிறாயா, அரிசி டிரம்மில் அடியில், கல்யாணமான நாளாக அந்த டிரம்முக்குள் அவர் கை போனதில்லை.

இவ்வளவு எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் வந்து நின்றார், தாளைக் கையால் மறைத்துக்கொண்டேன். யாருக்கு என்றார், பாப்பாவுக்கு என்றேன். அந்த நாலாம் நம்பர் பொடி ஒரு பாக்கெட் அனுப்பச் சொல்லி நீ கேக்குற மாதிரி எழுதிடு என்றார். தாளில் இடம் இல்லை, வேணும்னா போன் போட்டு நீங்களே கேளுங்க என்றேன். லுங்கியில் கையைத் துடைத்தார், இல்லாத சேற்றை இன்னொரு தடவை துடைத்தார், மெஷின் பக்கம் போனார், திரும்பி வந்தார், அங்க இப்ப மணி என்ன இருக்கும் என்று கேட்டார். எனக்கு அது எந்நேரமும் தெரியும், எங்கள் கடிகாரத்தை நான் பார்ப்பதே உன் நேரத்தைக் கணக்குப் போடத்தான். ஆனாலும் தெரியாது என்றேன், அதையாவது அவரே கண்டுபிடிக்கட்டும்.

அவர் கேட்டால் இதோ அனுப்புகிறேன் என்று ஒரேயடியாகச் சொல்லிவிடாதே, கடையில் இருக்கிறதா பார்த்துச் சொல்கிறேன், நாளைக்கு மறுபடி கூப்பிடுங்கள் என்று சொல். பொடி தபாலில் வந்தால் பாக்கெட் உடையும், கிறிஸ்மஸுக்கு நானே கொண்டுவருகிறேன் என்று அதற்கு மறுநாள் சொல். வரும்போது பொடி வாங்கிக் காசைக் கரியாக்காதே, அதுதான் இங்கே டிரம்மில் இருக்கிறதே, அந்த இடத்தில் எனக்கு ஒரு நல்ல ஸ்வெட்டர் வை. வேளைக்குச் சாப்பிடு, தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு வெளியே போகாதே. மாதாவும் எல்லாப் புனிதர்களும் உன் பக்கத்திலேயே இருக்கட்டும், உன் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறேன்.

ஒன்றை மட்டும் மறக்காதே. இத்தனை நாளும் இந்த நம்பரிலிருந்து போன் வந்தால் அது நான்தான், நீயும் எடுத்தவுடனே சொல்லும்மா என்றுதான் ஆரம்பிப்பாய். அதைக் கேட்டால் அவர் பேசாமல் போனை என் கையில் கொடுத்துவிடுவார். இனிமேல் ஹலோ என்று மட்டும் சொல்லிவிட்டு, கொஞ்சம் பொறு.

உன் அம்மா,
சகாயம்மாள் பால்ராஜ்