பெட்டியில் மிஞ்சிய இரண்டு சோப்பு

10 ஜூன் 2025, புதூர்நாடு

மலையில் முதல் நாள். ஆள் தனியாக இருக்கும்போது எவ்வளவு பொய் சொல்கிறார் என்பதுதான் என் ஆராய்ச்சி. ஒவ்வொருவராக அறைக்குள் போய்ப் பகடையை உருட்ட வேண்டும். விழுந்த எண்ணிக்கைக்குச் சோப்பு எடுத்துக்கொண்டு கிளம்பலாம். யாரும் பார்க்க மாட்டோம், என்ன விழுந்தது என்று கேட்கவும் மாட்டோம். கீழே நான்கு ஊர்களில் செய்தபோது சோப்பு கொஞ்சம் அதிகமாகவே போனது.

இன்று நாற்பது பேர். சராசரிப்படி 140 சோப்பு போயிருக்க வேண்டும். போனது எழுபது. எழுபத்திரண்டு இருந்த பெட்டியில் இரண்டு மிச்சம்!

11 ஜூன்

பகடையில் கோளாறோ? இருநூறு முறை உருட்டிப் பார்த்தேன். விரல்தான் வலிக்கிறது. பகடை நல்ல பகடை.

13 ஜூன்

துறைத்தலைவர் பூபாலன் சாரிடம் போனில் சொன்னேன். "தரவு கெட்டுப்போச்சு காஷிஃபா. அந்த மலைய விட்டுடுங்க. இதக் காட்டி நீட்டிப்புக் கேட்டா சிரிப்பாங்க."

ஆராய்ச்சி நிதிக்கு நீட்டிப்பு கிடைக்காவிட்டால் ஜூலையோடு எல்லாம் முடிந்தது. இரண்டு வருஷ உழைப்பு.

17 ஜூன்

மறுபடியும் மலைக்குப் போனேன். வழியிலேயே பிடித்துக்கொண்டார் ரங்கன் என்கிற விவசாயி. "ஆறு வுழுற வரைக்கும் உருட்டினேன் மேடம்." நான் கேட்கவே இல்லை. அப்பாடா, ஒருவராவது பொய்யர்.

முதல் நாள் உருட்டியவர்களில் ஒருவரான மங்கம்மாள் பலாச்சுளை கொடுத்து உட்காரவைத்தார். அவருக்கு ஐந்து விழுந்ததாம். எடுத்தது ஒன்று.

"ஏங்க?"

"நீ ஒரே பொட்டிய வச்சிட்ட. எனக்குப் பின்னால என் சம்பந்தியம்மா நிக்கிறா. தீந்துபோனா வூடு தேடி வந்து என்னைத்தான ஏசுவா?"

கொண்டுபோன மூன்று பெட்டிகளில் மீதி இரண்டும் அன்று ஜீப்பிலேயே கிடந்தன. இறக்கி வைக்க எனக்குச் சோம்பல். அட, பொய்தான், ஆனால் விழுந்ததைவிடக் குறைத்து எடுத்திருக்கிறார்கள். நான் கூட்டி எடுக்கும் பொய்யை மட்டும் தேடிக்கொண்டிருந்தேன். சந்தோஷத்தில் சுளை தொண்டையில் சிக்கி, மங்கம்மாள் தலையில் தட்ட வேண்டியதாயிற்று.

26 ஜூன்

பக்கத்துச் சிற்றூர். மூன்று பெட்டிகளையும் கண்ணில் படும்படி வைத்தேன். நாற்பது பேர், 143 சோப்பு!

என்னைப் பெற்ற அம்மிக்கு போன் செய்து கத்தினேன். "சோப்புக்கா இவ்ளோ குஷி?" என்றார். ஆமாம், சோப்புக்குத்தான்.

3 ஜூலை

நேரில் பார்த்தால்தான் நம்புவேன் என்று பூபாலன் சார் மலைக்கே வந்துவிட்டார். புது ஊர், மறுபடி ஒரே பெட்டி. பாதி வரிசை போனதும் "நானும் உருட்டிப் பாக்குறேன்" என்று நடுவில் போய் நின்றுகொண்டார். அவருக்குப் பின்னால் இருபது பேர்.

உள்ளே போனவர் வெளியே வர நேரமானது. வந்தார். கையில் ஒரு சோப்பு.

"இன்னா சார் வுழுந்துச்சு?" என்றார் அடுத்து நின்ற வெள்ளையம்மாள்.

"அதக் கேக்கக் கூடாதும்மா" என்று சோப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

திரும்பும் வழியில், ஜீப்பிலேயே, என் நீட்டிப்புக்கான பரிந்துரைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். பகடையில் ஆறு தடவைக்கு ஒரு தடவை ஒன்று விழும்தான். ஆனாலும் நான் நம்பவில்லை.