இதர காரணம், இருநூறு எழுத்துக்குள்

பாளையங்கோட்டை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சுகிர்தாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் சுகம். மாடிப்படி ஏறும்போது என் வலது முழங்கால் மட்டும் முணுமுணுக்கிறது, மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறோம். உங்கள் தாலின் நகரத்தில் மூன்றரை மணிக்கே இருட்டிவிடுகிறது என்று நீ சொன்னதிலிருந்து அம்மாவுக்கு அதே கவலை, மூன்றரை ஆனதும் கடிகாரத்தைப் பார்த்து, பிள்ளை விளக்குப் போட்டிருப்பாள் என்கிறாள், அங்கே அப்போதுதான் பகல் பன்னிரண்டு மணி என்று சொன்னாலும் கேட்பதில்லை. மாவடு பத்திரமாக வந்து சேர்ந்ததா என்று எழுது.

போன மாதம் நம் ஊர் வடகால்குறிச்சியில் நடந்த நிலப்பதிவுக் கூட்டத்தைப் பற்றி உன்னிடம் போனில் ஒரு மணி நேரம் சொன்னேன். அங்கே நீ பார்க்கும் கம்ப்யூட்டர் பதிவேட்டு வேலையைப் பற்றி அப்பா இத்தனை கேள்வி கேட்டது இதுதான் முதல் தடவை என்று சந்தோஷப்பட்டாய். ஆனால் அன்று நான் சொன்னது பாதிதான். மீதி, நம் வாழைத் தோட்டத்தில் உன் பிரம்மநாயகி அத்தைக்கு இருக்கும் பங்கைப் பற்றியது. அதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். உன் தாத்தா சிவசைலம் பிள்ளை விட்டுப்போனது ஓர் ஏக்கர் இருபது சென்ட் நஞ்சை. அதில் ரோட்டுப் பக்கத்துப் பாதியை உன் சங்கர் சித்தப்பா எடுத்துக்கொண்டு மனைகளாகப் பிரித்து விற்றுவிட்டான், உள்பக்கத்து அறுபது சென்ட் என் பெயரில் இருக்கிறது. அவன் ரோட்டுப் பக்கத்தை எடுத்த விதத்தை நான் இன்னும் மறக்கவில்லை, மறப்பதாகவும் இல்லை. ஆனால் இந்தக் கடிதம் அதைப் பற்றியது அல்ல.

நான் அந்தக் கூட்டத்துக்குப் போனதே ஒரு வன்மத்தோடுதான். பதினேழு வருடத்துக்கு முன் கல்வி அலுவலகப் பணி மூப்புப் பட்டியலில் ஒரு வெள்ளிக்கிழமை பதினாலாவதாக இருந்த நான் திங்கட்கிழமை நாற்பதுக்குப் பிறகு போயிருந்தேன், யார் மாற்றினார்கள் என்று கேட்டதற்கு யாருக்கும் தெரியவில்லை. எனக்குக் கீழே இருந்தவர்கள் தலைமை ஆசிரியர்களாகி ஓய்வும் பெற்றுவிட்டார்கள், நான் இன்னும் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் சமன்பாடு போட்டுக்கொண்டிருக்கிறேன். உங்கள் பதிவேட்டில் எழுதியதை யாரும் சத்தமில்லாமல் அழிக்க முடியாது, யார் எப்போது தொட்டார்கள் என்பது நிற்கும் என்று நீ சொன்னபோது, அப்படி ஒன்று இருந்தால் அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தேன். நிலப்பதிவை அந்த முறைக்கு மாற்ற இங்கே மூன்று ஊர்களில் சோதனையாகச் செய்கிறார்கள், அதில் நம் ஊரும் ஒன்று. கூட்டத்தை நடத்தியது வி.ஏ.ஓ. ப்ரியாவும், கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து வந்த ரெக்சன் என்ற பையனும். ரெக்சன் உவரிக்காரன், உன் வயதுதான் இருக்கும், கடற்கரைப் பேச்சில் ஒவ்வொன்றையும் பொறுமையாகச் சொன்னான். ஒவ்வொரு பதிவும் தனக்கு முந்திய பதிவின் அடையாளத்தைச் சங்கிலிக் கண்ணி போலத் தன்னோடு வைத்திருக்கும், பிரதிகள் பல அலுவலகங்களில் இருக்கும், ஓர் இடத்தில் கை வைத்தால் மற்ற இடங்கள் காட்டிக்கொடுத்துவிடும் என்றான். பாதிப் பேருக்குப் புரியவில்லை. நான் எழுந்து, நம் மடையில் முறைத் தண்ணீர் வாங்குவது போலத்தானே என்று கேட்டேன். உனக்குத் தெரியும், தண்ணீர் திருப்ப வருகிறவன் சும்மா மண்வெட்டியைப் போட முடியாது, நான் இன்னாரிடம் வாங்குகிறேன், அவர் இன்னாரிடம் வாங்கினார் என்று இரண்டு பெயரையும் சுற்றியுள்ள வயல்காரர்கள் காதில் விழச் சொன்ன பிறகுதான் திருப்ப வேண்டும். நடுவில் ஒருவன் திருட்டுத்தனமாகப் புகுந்தால் அடுத்தவன் சொல்லும் பெயர் உதைக்கும். ரெக்சனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த ஊர்க் கூட்டத்தில் அதையே சொன்னானாம், யார் சொன்னது என்று மட்டும் சொல்லவில்லையாம்.

நான் விடவில்லை. கரண்ட் போனால் என்ன, பிரதி வைத்திருக்கும் அலுவலகங்கள் எல்லாம் கூடிப் பேசிக்கொண்டால் என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஆனால் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டது நானல்ல, வாழைத்தார் வியாபாரி காஜா முகைதீன் அண்ணாச்சி. பின்வரிசையில் இருந்தபடியே அவர், “தம்பி, அழுகுன தார ஏத்துனா ஒம்ம சங்கிலி அதச் சரியாக்கிருமா, இல்ல அழுகலாவே பத்திரமா வச்சிருக்குமா வே?” என்றார். ரெக்சன் யோசிக்காமல், “அழுகலாவேதான் வச்சிருக்கும் அண்ணாச்சி, அதனாலதான் ஏத்துறதுக்கு முன்னாடி ஒங்கள எல்லாம் கூப்பிட்டுக் காட்டுறோம்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு சர்வே எண்ணாக எடுத்து, அதன் பட்டாவுக்கு ஆதாரமான பழைய காகிதங்களைத் திரையில் காட்டினார்கள். பார்த்துவிட்டு ஆட்சேபணை உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டும். பதினைந்து நாளுக்குள் ஆட்சேபணை வராவிட்டால் அந்தக் காகிதம் முதல் பதிவாக ஏறிவிடும், பிறகு அதை மாற்றக் கோர்ட்டு உத்தரவு வேண்டும்.

நம் எண் வந்தது. 1998 பிப்ரவரியில் பட்டா மாற்றக் கொடுத்த மனுவும், அதோடு வாரிசுகளின் சம்மதக் கடிதமும் திரையில் ஆளுயரத்துக்கு நின்றன. என் தகப்பனார் நிலத்தை என் தம்பிமார் இருவர் பெயருக்கும் மாற்ற எனக்கு ஆட்சேபணை இல்லை, கீழே சி. பிரம்மநாயகி என்று கையெழுத்து. சுகிர்தா, அந்தக் கையெழுத்து நான் போட்டது. அப்போது நீ பிறந்து எண்பது நாள். மறுநாளிலிருந்து தேர்தல் வேலை, இன்றைக்கே மூன்று கையெழுத்தும் வேண்டும் என்று அப்போதைய வி.ஏ.ஓ. சொன்னார். அத்தை அம்பாசமுத்திரத்தில், போன் பக்கத்து வீட்டில்தான். அக்கா என்ன மாட்டேன் என்றா சொல்லப்போகிறாள், உனக்குத்தான் எழுத்து அழகு, நீயே போடு என்று சங்கர் சொன்னான். நான் போட்டேன். பயந்து போடவில்லை, ரேஷன் கடையில் அவளுக்காகக் கையெழுத்துப் போடுவது போலப் போட்டேன். நம் வீடுகளில் கட்டிக்கொடுத்த பெண்ணிடம் பங்கு வேண்டுமா என்று கேட்பதில்லை, வேண்டாம் என்று அவள் சொன்னதாக நாமே எழுதிக்கொள்வோம். நகை போட்டோம், சீர் செய்தோம், அதோடு தீர்ந்தது என்பதுதான் கணக்கு. இத்தனை வருடத்தில் அதை நான் ஒரு தடவைகூட நினைத்ததில்லை. என் பெயரைப் பட்டியலில் கீழே தள்ளியவனை நினைக்காத நாள் கிடையாது.

ப்ரியா ஆட்சேபணை உண்டா சார் என்று கேட்டாள். காலையிலிருந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவன், இல்லை என்று தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து அன்று மாலைதான் உனக்குப் போன் செய்து அத்தனை உற்சாகமாகப் பேசினேன். பிறகு எட்டு நாள் ஒன்றும் செய்யவில்லை. உன் கல்யாணத்துக்கு அத்தை வராததை நான் எவ்வளவு பேசியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும், மாமா ரைஸ் மில் வைத்ததும் கர்வம் வந்துவிட்டது என்று அம்மாவிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஒன்பதாவது நாள் அம்மா, சாப்பிடும்போதுகூடக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறீர்களே என்ன என்று கேட்டாள். சொன்னேன். காலையில் அம்பாசமுத்திரம் போகும் ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

அத்தை வாசலில் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஐந்து வருடம் கழித்துப் பார்க்கிறேன், தலை முழுக்க நரைத்துவிட்டது. உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தாள். நான் இந்தப் புதிய பதிவு முறையிலிருந்து ஆரம்பித்தேன், பிரதிகள், அடையாளம் என்று வகுப்பு எடுப்பது போலச் சொல்லிக்கொண்டே போனேன். அவள் டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, “ஏலே, அந்தச் சம்மதக் காயிதத்த நான் பன்னெண்டு வருசத்துக்கு முன்னாலயே பாத்துட்டேன், சொசைட்டி லோனுக்கு நகல் எடுத்தப்ப. ஒங் கையெழுத்து எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்துல எனக்கு லீவு லெட்டர் எழுதுனவன்லா நீ” என்றாள். ஏன் கேட்கவில்லை என்றேன். நீயாகச் சொல்கிறாயா என்று பார்த்தேன் என்றாள். உன் கல்யாணப் பத்திரிகையை நீட்டும்போதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாளாம், நான் பந்தல்காரனைப் பற்றிப் பேசிவிட்டு வந்துவிட்டேனாம். உன்மேல் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை, உன் கல்யாண வீடியோவை இரண்டு தடவை பார்த்திருக்கிறாள், தாலி கட்டும்போது நான் யாரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன் என்பது வரைக்கும் சொன்னாள். சரி அக்கா, இப்போது என்ன செய்ய, உனக்கு நிலம் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்பாள் என்று என் மனதில் ஒரு மூலையில் இருந்தது, அதை உன்னிடம் மறைக்கவில்லை. “வேணும்லே. என் பங்கு நாப்பது சென்ட். ஒங்கிட்ட இருவது, சங்கர்ட்ட இருவது, அவன் வித்துட்டான்னா காசாத் தரட்டும். சங்கர்ட்ட நான் பேசிக்கிடுதேன், நீ ஒண்ணும் பேசாண்டாம், நீ பேசுனா சண்டதான் வரும்” என்றாள்.

பதிமூன்றாவது நாள் இரண்டு பேருமாக வடகால்குறிச்சி போனோம். நல்ல வேளையாக ரெக்சனும் அங்கே இருந்தான். அந்தப் பழைய காகிதத்தை எடுத்துவிட்டுப் புதிதாக எழுத முடியாதா என்று கேட்டேன், இன்னும் ஏறவில்லையே என்று. காகிதம் ஸ்கேன் ஆகிவிட்டது சார், எடுத்தால் யார் எடுத்தார்கள் என்பதும் பதிவாகும், அதன் கீழே ஆட்சேபணையும் காரணமும் எழுதலாம், இரண்டும் சேர்ந்துதான் ஏறும் என்றான். காரணம் கேட்கும் இடத்தில் ஒரு பட்டியல் விரிந்தது. எழுத்துப்பிழை, அளவுப்பிழை, இறப்பு, பெயர் மாற்றம் என்று வரிசையாக இருந்தது. என் கண் எழுத்துப்பிழையில் நின்றது. ப்ரியா அதைக் கவனித்திருக்க வேண்டும், குரலைத் தாழ்த்தி, சார், நீங்கள் அரசு ஊழியர், இன்னும் நாலு வருடம் சர்வீஸ் இருக்கிறது, இந்த வருடப் பதவி உயர்வுப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறது என்று உங்கள் வீட்டம்மா சொன்னார்கள், இதை நாளைக்கு யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், யோசித்துக்கொள்ளுங்கள் என்றாள். நல்ல பிள்ளை. யார் எழுதினார்கள், யார் மாற்றினார்கள் என்று ஊரெல்லாம் பார்க்க வேண்டும் என்று பதினேழு வருடமாகக் கேட்டவன் நான்தானே. இதர என்று பட்டியலில் கடைசியாக இருந்ததைத் தொட்டேன். இருநூறு எழுத்துக்குள் எழுதவும் என்று ஒரு கட்டம் வந்தது. பெயர், தேதி எல்லாம் போட்டு, இந்தக் கையெழுத்தை நான் போட்டேன், அக்கா சம்மதிக்கவில்லை என்று தட்டச்சு செய்து முடித்தேன்.

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் மெதுவாக வாசித்தாள். பிறகு என் தோளில் தட்டி, “சம்மதிக்கலன்னு போட்டா, நீ கேட்டு நான் முடியாதுன்ன மாதிரில்லா இருக்கு. நீ கேக்கவே இல்லையேலே. அதப் போடு” என்றாள்.

அதை அழித்துவிட்டு, அக்காவிடம் கேட்கவில்லை என்று போட்டேன். அவள் போனுக்கு ஓ.டி.பி. வந்தது, எண்களை அவளே ஒவ்வொன்றாகத் தட்டினாள், என் கையில் போனைக் கொடுக்கவில்லை. திரையில் ஒரு வட்டம் கொஞ்ச நேரம் சுற்றி நின்றது. வெளியே வந்ததும் பசிக்கிறது என்றாள், ரோட்டோரக் கடையில் புரோட்டா சாப்பிட்டோம்.

இது வரையில்தான் நடந்திருக்கிறது. சங்கர் போன் செய்து, குடும்பத்தைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டாய் என்று கத்தினான், அத்தை இந்த வாரம் அவன் வீட்டுக்குப் போகிறாள். பதவி உயர்வு என்னவாகும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு விஷயம் என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது, உங்கள் ஊர்ப் பதிவேடுகளில் இதர என்ற இடத்தில் மனிதர்கள் என்னவெல்லாம் எழுதுகிறார்கள், அதை யாராவது வாசிக்கிறார்களா, கேட்டுச் சொல். நம் பதிவு அங்கிருந்து உனக்குத் திறக்கிறதா என்றும் பார்.

இன்னொன்று. அத்தைக்குக் கொடுத்தது போக எனக்கு நாற்பது சென்ட் நிற்கிறது. வாழையை விட்டுவிட்டுத் தோட்டத்தைக் குத்தகைக்குக் கொடுத்துவிடலாம் என்று சித்திரையிலேயே முடிவு செய்து ஒருவரிடம் வாக்கும் கொடுத்திருந்தேன், உன்னிடம் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. போன வாரம் அவரிடம் போய், என் மகளைக் கேட்கவில்லை, கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். உனக்கு என்ன தோன்றுகிறதோ அதை அப்படியே எழுது, எனக்குப் பிடிக்காததாக இருந்தாலும் சரி. பதில் வரும் வரை எதிலும் கை வைக்க மாட்டேன்.

இருட்டில் தனியாக நடக்காதே, காதை மூடிக்கொண்டு போ. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். வரும் வெள்ளிக்கிழமைக்குள் அத்தைக்கு ஒரு போன் செய், எண்ணைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நெல்லையப்பரும் காந்திமதியும் உங்கள் இருவருக்கும் நல்ல உடம்பையும் நிம்மதியையும் தரட்டும்.

இப்படிக்கு
உன் பதிலுக்குக் காத்திருக்கும் அப்பா,
சி. கோமதிநாயகம்