துண்ணூறு பூசுன தகரம்

திருவண்ணாமலை
20.11.1983

அம்மாவுக்கு யசோதரன் வணக்கம். மூட்டுவலி கம்மியாச்சா? நான் ஜோரா இருக்கேன்.

இங்க நர்சரியில மழைக்குப் பயந்து சாமந்தி நாத்த ரூமுக்குள்ள டியூப்லைட்ல வளக்குறோம். வெளிச்சம் பத்தாம எல்லாம் ஒல்லியா சாய்ஞ்சிடுச்சு. "அடுத்த நாத்தும் இப்படின்னா நீ வூட்டுக்குப் போ"ன்னாங்க ஓனரம்மா ரேணுகாம்பாள். எண்ணெய் டின்ன வெட்டி, வெளிச்சம் கீழ திரும்புற மாதிரி லைட்டுக்கு மேல வளைச்சுக் கட்டினேன். பளபளன்னு தேய்க்க, மாடத்துல இருந்த சாம்பல எடுத்தேன்.

"டேய், அது கோயில் துண்ணூறுடா!"ன்னு கத்துனாங்க ஓனரம்மா.

நம்ம ஜைனர் வூட்ல ஏது துண்ணூறு, எனக்கென்னா தெரியும்?

இப்ப புது நாத்து குட்டையா, கெட்டியா நிக்குது! ஓனரம்மா சிரிச்சிக்கினே தகரத்துக்கு மூணு பட்டை போட்டு, என் நெத்தியிலயும் இழுத்துட்டாங்க.

நம்ம வழக்கப்படி இருட்டுறதுக்கு முன்ன, பொழுதோட சாப்பிடுறது இங்க நான் ஒருத்தன்தான். எள்ளுருண்டை அனுப்பு. தண்ணி ஊத்தணும், கூப்பிடுறாங்க. நெத்திப் பட்டைய இன்னும் அழிக்கல, அப்பாகிட்ட சொல்லாத.

யசோதரன்